பெட்டி போதாத ஊரில் பிறந்த வைத்தியம்

மாங்காடு காமாட்சிக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் வந்து போகிறவர்களில் பிள்ளை வரம் கேட்பவர்கள் நிறையப் பேர். அப்படி வேண்டிப் பெற்றது எட்டாம் மாசமே பிறந்துவிட்டால் வீடே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும். குழந்தை கண்ணாடிப் பெட்டியில், தாய் வார்டில், அப்பாவும் ஆயாவும் மூடிய கதவுக்கு வெளியே. வெகுகாலம் இதுதான் முறை.

அந்தக் கதவைத் திறந்தது ஏதோ புதுக் கருவி என்று நினைத்திருந்தேன். இல்லை, தட்டுப்பாடு.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரம். ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் தாய்சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றின் கிருமி மற்றதற்கு. நாள்கணக்கில் பிள்ளையைத் தொடாத தாய்மாரில் சிலர் விட்டுவிட்டே போனார்கள். எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், குறைமாசக் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்துத் துணியால் கட்டச் சொன்னார். மொச்சைக்கொட்டை அளவில் பிறந்து, பையில் கிடந்தே வளரும் கங்காருக் குட்டியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் எஸ்தோனியாவின் தாலினில் நர்ஸுகள் பற்றாமல் போக, ஆதிக் லெவின் தாய்மாரையே இரவும் பகலும் பிள்ளையோடு இருக்கவைத்தார்.

மார்பில் அப்படி என்ன இருக்கிறது? சூடு, பால், அதைவிட, மூச்சு. குறைமாசக் குழந்தைக்கு மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதி முதிர்ந்திருக்காது. திடீரென்று மூச்சு நின்றுபோகும். 20 விநாடியைத் தாண்டினால் ஆபத்துக் கணக்கு. தோலோடு தோலாகக் கிடக்கும்போது மூச்சும் இதயத்துடிப்பும் சீராகின்றன. ஆனால் பிடிக்கும் விதம் முக்கியம்: முகம் ஒருபக்கம் திரும்பி, மோவாய் சற்றே உயர்ந்து, கால்கள் தவளைபோல். மோவாய் மார்பில் குத்தினால் மூச்சுக்குழல் மடங்கிவிடும்.

இயந்திரம் வாங்க முடியாதவர்களின் ஒப்பேற்றல் என்றே பல காலம் இதைப் பேசினார்கள். பிறகு டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட 3,211 குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் இதைச் சோதித்தது. தாயின் கட்டிலே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனது. நிலைமை சீரான பிறகு அணைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் 100க்கு 15.7 இறந்தன, பிறந்த கையோடு அணைக்கப்பட்டவற்றில் 12. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளிவந்தது 2021இல்.

அதற்கு முன்பே டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இன்னொரு படி போயிருந்தது. கை கழுவுவது, பால் புகட்டுவது, ஆபத்துக் குறி பார்ப்பது என்று குடும்பத்துக்கே பயிற்சி. பயந்ததுபோல் தொற்று கூடவில்லை; தாய்ப்பால் கூடியது. 2017இல் மத்திய அரசு அதை நாட்டுக்கே வழிமுறையாக்கியது. இந்தக் குழந்தைகளுக்குப் புகட்டப் பயன்படுவது நம் ஆயாக்கள் வைத்திருந்த அதே பாலாடைதான். ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதற்குப் பெயர் பாலாடை.

உங்கள் வீட்டில் குறைமாசக் குழந்தை பிறந்தால், "எப்போது மார்பில் போடலாம்?" என்று முதல் நாளே நர்ஸிடம் கேளுங்கள். தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவின் மார்பும் ஆகும், ஆயாவின் மார்பும் ஆகும்.