ஒரே படம், எத்தனை முறை வாங்குவது?

ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' 1977-ல் வெளிவந்தது. 1995-ல் முதல் மூன்று படங்களும் வீடியோ கேசட்டாக வந்தபோது, பழைய வடிவம் கிடைப்பது இதுவே கடைசி முறை என்று விளம்பரம் செய்தார்கள். ஏற்கெனவே வைத்திருந்த ரசிகர்களும் வாங்கினார்கள்.

1997-ல் கம்ப்யூட்டர் காட்சிகள் சேர்த்த புதிய பதிப்பு. மதுக்கடையில் ஹான் சோலோ சுட்டுக் கொல்லும் காட்சியில், எதிராளி முதலில் சுடுவதாக மாற்றியிருந்தார்கள். அதில்தான் ரசிகர்களுக்குக் கடும் கோபம். நாயகனின் குணமே மாறிவிட்டதே! 2004 டிவிடியில் மேலும் திருத்தங்கள். பழைய படம் அதில் இல்லவே இல்லை. பலரும் கேட்ட பிறகு 2006-ல் அதைக் கூடுதல் டிஸ்க்காகக் கொடுத்தார்கள் ('கடைசி முறை' என்னவாயிற்றோ!). அதுவும் 1993 லேசர் டிஸ்க்குக்கான பிரதி. அகலத்திரை டிவியில் நாலு பக்கமும் கறுப்பாக, நடுவில் சிறிதாகத் தெரிந்தது. 2011 ப்ளூ-ரேயில் அதையும் காணோம்.

உரிமையாளர்கள் பழைய படங்களை இஷ்டப்படி மாற்றுவதை எதிர்த்து 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியவர் இதே லூகாஸ். தம் படத்தைத் திருத்த அவருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. பழையதையும் நல்ல பிரதியாகப் பக்கத்தில் வைத்து விற்றிருக்கலாம். காசு கொடுக்க ஆள் இருந்தது.