ஹாலிஃபாக்ஸிலிருந்து குமாரபாளையத்துக்கு

பெரிய ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ‘ஒர்க்ஸ் கமிட்டி’ பழகிய பெயர். நிர்வாகமும் தொழிலாளர்களும் எதிரெதிரே அமர்ந்து கேன்டீன் சாப்பாடு, கழிப்பறை வசதி, பாதுகாப்பு என்று பேசும் குழு. அதன் பூர்வீகத்தைத் தேடினால் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்து, 1900இல் நாடாளுமன்றம் சென்ற ஜே. ஹெச். விட்லிதான் இதற்கு வடிவம் கொடுத்தவர்.

முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரைத் தொழிற்சாலைகளில் கொந்தளிப்பு. போர்த்தளவாட உற்பத்தி நின்றுவிடுமோ என்று பதறிய அரசு, விட்லி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1917இல் அது மூன்றடுக்கு யோசனை சொன்னது: தொழில் முழுமைக்கும் ஒரு மன்றம், வட்டாரத்துக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று. மட்பாண்டத் தொழில் முதலில் ஏற்றுக்கொண்டது. அரசு அலுவலகங்கள் இறுகப் பற்றிக்கொண்டன. விட்லியின் சொந்தத் தொழிலான பருத்தியோ கண்டுகொள்ளவே இல்லை.

ஆனால் சென்னையின் பருத்தி ஆலை ஒன்று கண்டுகொண்டது. 1921இன் நீண்ட போராட்டத்தில் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்கள் தோற்று, திரு.வி.க. போன்றோர் வளர்த்த சங்கம் நிலைகுலைந்திருந்தது. மறு ஆண்டே நிர்வாகம் ஒரு நலக்குழுவை அமைத்தது. உருவத்தை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள் என்பேன். வலுவான சங்கம் இருந்தால்தான் விட்லியின் திட்டம் நிற்கும்.

1929இல் அவரே வந்தார், இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷனின் தலைவராக. சீனிவாச சாஸ்திரி, ஜி. டி. பிர்லா, என். எம். ஜோஷி ஆகியோர் உறுப்பினர்கள். அதைப் புறக்கணிப்பதா என்ற சண்டையில், நாக்பூரில் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கக் கூட்டமைப்பு இரண்டாகப் பிளந்தது. வெளியேறியவர்களில் ஒருவர் வி. வி. கிரி. 1937இல் அவர் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

1931இல் வந்த கமிஷன் அறிக்கை ஆலைக் குழுக்களை ஆதரித்தது. 1947இன் தொழில் தகராறுகள் சட்டம் அவற்றுக்கு இடம் கொடுத்தது: 100 தொழிலாளர் இருந்தால் குழு அமைக்க அரசு உத்தரவிடலாம், தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தினரைவிடக் குறையக் கூடாது. 2020இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 100.

இந்த எண்தான் எங்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இடிக்கிறது. சேலம் உருக்காலை அதைத் தாண்டும். நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறையும் பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களும் பெரும்பாலும் தாண்டாது. அங்கே முதலாளியையும் தொழிலாளியையும் பிணைப்பது ‘பாக்கி’ எனப்படும் முன்பணம். பத்துத் தறி ஓடும் இடத்தில், பாக்கி வாங்கியவர் தனியாக எதிரே உட்கார்ந்து என்ன பேசிவிட முடியும்? அதனால்தான் கூலி உயர்வையும் தீபாவளி போனஸையும் தறி உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஊர் முழுமைக்குமாகப் பேசி முடிக்கின்றன. விட்லி சொன்ன நடு அடுக்கு, அந்த வட்டார மன்றம், 1947 சட்டத்தில் இடம்பெறவே இல்லை.