எலும்பைக் கெடுத்த அறையே மருந்தான கதை

தெரிந்தவர் ஒருவருக்கு இடுப்பு மூட்டில் எலும்புத் திசு செத்துவிட்டது. "அழுத்த ஆக்சிஜன் முப்பது சிட்டிங் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?" என்று கேட்டார். பதில் தேடப் போய், பழைய கதை ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

ஹாம்பர்க்கில் எல்பே ஆற்றுக்கு அடியில் 1907-ல் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கினார்கள். தண்ணீர் உள்ளே புகாமலிருக்க, அழுத்தக் காற்றை அடைத்து வைத்து வேலை நடந்தது. தொழிலாளர்கள் வெளியே வரும்போது அழுத்தம் குறையும். உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன், சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழியாகக் கிளம்பும். அவர்களில் சிலருக்கு மூட்டெலும்பே கெட்டுப்போயிருந்ததை 1911-ல் போர்ன்ஸ்டைன், பிளாட்டே என்ற இருவர் பதிவு செய்தார்கள்.

அதே அழுத்தம்தான் பிறகு மருந்தாச்சு! ஆம்ஸ்டர்டாமில் இட்டே புரேமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் இரத்தச் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுதும் எடுத்துவிட்டு, 3 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தார். பிழைத்தன. பிளாஸ்மாவில் கரைந்த ஆக்சிஜனே போதுமானதாக இருந்தது. 1960-ல் இது வெளியானது.

அடுத்து தாடை. கதிர்வீச்சு வாங்கிய தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு சாகும் ஆபத்து உண்டு. 1985-ல் ராபர்ட் மார்க்ஸ் குழு 74 பேரை இரண்டாகப் பிரித்தது. பென்சிலின் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு எலும்பு செத்தது. ஆக்சிஜன் பெற்ற 37 பேரில் 2 பேருக்குத்தான். பிடுங்குமுன் 20, பிறகு 10 அமர்வு என்பது வழக்கமாகிவிட்டது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. ஏற்கெனவே தாடை எலும்பு செத்தவர்களிடம் பிரான்சில் சோதித்தார்கள். 2004-ல் வந்த முடிவு: ஆக்சிஜன் பெற்ற 31 பேரில் 6 பேர் குணம், போலிச் சிகிச்சை பெற்ற 37 பேரில் 12 பேர்! பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். தடுக்கவாவது உதவுமா என்று பார்த்த பிரிட்டிஷ் சோதனை 2019-ல் வந்தது. ஆக்சிஜனோடு 6.4 சதவீதம், இல்லாமல் 5.7. வித்தியாசமே இல்லை.

இடுப்புக்கு? 2010-ல் 20 பேரை வைத்து நடந்த ஆய்வில் வலி குறைந்தது. நம்பிக்கை தருவதுதான், ஆனால் 20 பேர்!

நண்பரிடம் இதையே சொன்னேன். எந்த எலும்பு, எதனால் செத்தது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் டாக்டரிடம் கேளுங்க. தாடைக்குச் சொன்ன கணக்கை இடுப்புக்குப் போடாதீங்க.