மூசையில் உருகிய இரும்பு

தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மரக்கரியும் தோல் துருத்தியும் கொண்டு இயங்கிய பழைய உலைகளுக்கு அது எட்டாத அளவு. ஆனாலும் இரும்பை உருக்கி எஃகாக்கும் தொழில் தென்னிந்தியாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன.

முதலில் தாது இரும்பாக வேண்டும். எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துவிடும். இந்த வேதி மாற்றத்துக்கு இரும்பு உருக வேண்டியதில்லை. கசடு உருகி வழிந்தோட, இரும்பு துளைகள் மலிந்த கட்டியாக உலையடியில் தங்கும். அதைக் காய்ச்சி அடித்து மிச்சக் கசடைப் போக்கினால் தேனிரும்பு கிடைக்கும். இவ்வளவும் உலகின் பல பகுதிகளில் அறிந்த வேலைதான்.

தமிழகக் கொல்லர்கள் இதற்கு மேல் செய்ததுதான் அரிது. பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத் அதை நுணுக்கமாக எழுதிவைத்தார். கருக்கிய உமி கலந்த களிமண்ணால், உருக்கும் கலமான மூசையைச் செய்வார்கள். அதில் தேனிரும்புத் துண்டுகளையும், எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியையும் அடைத்து, மேலே எருக்கிலை போட்டு, காற்றுப் புகாமல் களிமண்ணால் வாயை மூடுவார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள்.

மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி திண்ம இரும்புக்குள் ஊடுருவும். கரி ஏற ஏற உருகுநிலை இறங்கும். ஏறத்தாழ 1.5 சதவீதம் கரி சேர்ந்த இரும்பு, தூய இரும்பைவிட நூறு டிகிரி குறைந்த வெப்பத்திலேயே முழுதும் உருகிவிடும். உலையால் எட்ட முடியாத வெப்பத்தை ஆவாரங்குச்சி ஈடுகட்டியது என்றே சொல்லலாம். ஆறிய மூசையை உடைத்தால் அடி உருண்ட எஃகு வில்லை வெளிவரும். அதன் மேற்பரப்பில் நடுவிலிருந்து கதிர்போல் கோடுகள் விரிந்திருந்தால் நன்றாக உருகியிருக்கிறது என்று பொருள். தேனடைபோல் குழிகள் தெரிந்தால் உருகியது போதவில்லை. வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணே அளவுகோல்.

ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்த இந்த எஃகை 1819-இல் மைக்கேல் ஃபாரடே பகுத்தாய்ந்தார். அதிலுள்ள அலுமினாவே சிறப்புக்குக் காரணம் என்று அவர் கருதினார். பிந்தைய ஆய்வுகள் கரியையே காட்டின. அடித்து உருவாக்குவதிலும் வெப்பமே சிக்கலானது. ஐரோப்பியக் கொல்லர்கள் பழக்கப்படி வெண்சூடேற்றி அடித்தபோது வில்லை நொறுங்கியது. கரி மிகுந்த எஃகின் பகுதிகள் அந்தச் சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும். சிவந்த சூட்டில் பொறுமையாக அடித்த பாரசீக, அராபியக் கொல்லர்களின் வாள்களில் நீரலை போன்ற வரிகள் தோன்றின. மெல்ல ஆறும்போது எஃகுக்குள் பிரிந்து படியும் இரும்பு கார்பைடே அந்த வரிகள்.

1856-இல் எஃகைப் பேரளவில் உருவாக்கும் பெஸ்ஸெமர் முறை வந்தபின் மலிவான எஃகு டன் கணக்கில் குவிந்தது. வில்லை வில்லையாக எஃகு தந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.