கட்டுமானத் தகராறு தீர்வு (ஆஸ்திரேலியா)

கட்டுமானத் தகராறுகள் பெரும்பாலும் பணத்தில்தான் வந்து நிற்கின்றன. சிட்னி ஆப்பரா மாளிகையை வடிவமைத்த ஜோர்ன் உட்சன் 1966 பிப்ரவரியில் பாதியில் விலகியதற்கு, வடிவமைப்பில் யார் சொல் செல்லும் என்ற மோதலோடு, அரசு நிறுத்திவைத்த கட்டணமும் காரணம். பெயர்பெற்ற கலைஞருக்கே அந்த நிலை என்றால், சுவர் பூசும் துணை ஒப்பந்தக்காரரின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றத்தைவிடச் சீக்கிரம் முடியும் என்று நம்பித்தான் தொழில்துறை நடுவர் மன்றத்தை நாடியது. நாளடைவில் அங்கும் வக்கீல், சாட்சி, கட்டுக்கட்டான ஆவணம் என்று இழுபறி புகுந்தது. அடுத்து வந்தது சமரசம். 1986இல் சிட்னியில் அதற்கென ஒரு வணிகத் தகராறு மையமே தொடங்கியது. இரு தரப்பும் மனம் வைத்தால் சமரசம் நல்ல வழி. ஆனால் பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அவசரம் கிடையாது. கூலி கொடுக்க வேண்டியவருக்குத்தான் அவசரம்.

இந்த ஏற்றத்தாழ்வை நேராகத் தொட்டது, சிட்னி அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டம். பிரிட்டன் 1996இல் இயற்றிய சட்டம் இதற்கு முன்னோடி. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சிட்னிச் சட்டத்தின்படி, பில் கைக்கு வந்த 10 வேலைநாளுக்குள் எவ்வளவு தருவோம், மீதியை ஏன் தரமாட்டோம் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். தராவிட்டால் கேட்ட தொகை முழுவதும் கடனாகிவிடும். பதில் வந்து தகராறு நீடித்தால், தீர்ப்பாளர் ஒருவர் ஆவணங்களைப் பார்த்துச் சில வாரங்களில் முடிவு சொல்வார். பணத்தை உடனே கட்ட வேண்டும். இறுதிக் கணக்கைப் பிறகு நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம். “மேலே இருந்து எங்களுக்கு வந்தால் தருகிறோம்” என்ற ஒப்பந்த விதி செல்லாது. சிறு ஒப்பந்தக்காரரைக் காப்பாற்றியது இந்த வேகமே.

மெல்போர்ன் அமைந்த விக்டோரியா 2002இல் இதைப் பின்பற்றியது. ஆனால் பின்னர் செய்த திருத்தத்தால், தகராறுக்குள்ளான கூடுதல் வேலை, தாமத இழப்பீடு போன்றவற்றில் பலவற்றை இந்த வழியிலிருந்து விலக்கியது. மிகக் கசப்பான சண்டைகள் எழுவது அவற்றில்தான் என்பதால் இது பெரிய ஓட்டை ஆனது.

தீர்ப்பாளர் தவறினால்? முகப்புக்கு லூவர் பொருத்திய துணை ஒப்பந்தக்காரரின் வழக்கில் 2018இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பதில் சொன்னது: அதிகார வரம்பை மீறாதவரை, சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதற்காக மட்டும் முடிவை ரத்து செய்ய முடியாது.

தமக்கென வீடு கட்டுவோருக்கு இந்த வேகம் எப்போதும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விக்டோரியாவில் 2017இல் அவர்களுக்கென அரசு சமரச அமைப்பு வந்தது. அதில் தீராதது தீர்ப்பாயத்துக்குப் போகும். சிட்னி மாதிரி நாட்டுக்கு வெளியேயும் பரவியது: அதைத் தழுவி 2004இல் சிங்கப்பூரும் சட்டம் இயற்றியது.