களவின் பெயர்கள்: ஆங்கிலச் சட்டச் சொற்கள் போலிஷ் மொழி புகுந்த கதை

போலிஷ் மொழியில் 'ஸாபுர்' என்றொரு சொல் உண்டு. எடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். பிறர் பொருளைத் திருடன் தன் கைவசமாக்கும் அச்செயலைப் போலந்துச் சட்ட அறிஞர்கள் இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். அந்நாட்டு வரலாற்று நூல்களிலோ இதே சொல் வேறொரு பொருளில் வழங்குகிறது. 1772 முதல் 1795 வரை மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய பேரரசுகள் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. அந்தப் பங்கீட்டிற்கும், பங்கிடப்பட்ட ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஸாபுர் என்றே பெயர். நாட்டை இழந்ததற்கும் மிதிவண்டியை இழந்ததற்கும் ஒரே சொல்லை ஆளும் மொழி அது. அம்மொழிக்குள் ஆங்கிலேயரின் களவுச் சட்டச் சொற்களைக் கொண்டு செல்லப் புகுந்தவர்கள் பட்ட பாடு, சொல்லோடு உறவாடுவோர் அறியத்தக்கதாகும்.

1918இல் போலந்து மீண்டும் தனிநாடாக எழுந்தபோது அதற்கெனத் தனிக் குற்றவியல் சட்டம் இல்லை. ரஷ்யர் ஆண்ட பகுதியில் 1903ஆம் ஆண்டின் ரஷ்யத் தொகுப்பும், ஜெர்மானியர் ஆண்ட பகுதியில் 1871ஆம் ஆண்டின் ஜெர்மன் தொகுப்பும், ஆஸ்திரியப் பகுதியில் 1852ஆம் ஆண்டின் தொகுப்பும் நடைமுறையில் இருந்தன. வார்சாவிலும் போஸ்னானிலும் கிராக்கோவிலும் ஒரே விதமாய் மாடு திருடிய மூவர் மூன்று சட்டங்களின் முன் நின்றனர். இந்நிலை 1932இல்தான் மாறியது. லுவோவ் நகரப் பேராசிரியர் யூலியூஷ் மகரேவிச்சின் பெயரால் இன்றும் அறியப்படும் தொகுப்பு அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பொதுவுடைமை ஆட்சியில் 1969இல் வந்த தொகுப்பு, மக்கள் சொத்தைக் கவர்வதைத் தனிக் குற்றமாகப் பிரித்துவைத்தது. 1997இன் தொகுப்பு அப்பிரிவினையைக் கைவிட்டது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் திருட்டின் கரு மாறவில்லை. பிறருடைய அசையும் பொருளைத் தனதாக்கும் நோக்கத்தோடு எடுத்துக்கொள்ளுதலே 'கிராஜெஷ்', அதாவது திருட்டு. எடுத்தல் நிகழாமல் திருட்டு இல்லை.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே களவுச் சட்டம் நூலறிஞர் மேசையில் பிறக்கவில்லை. நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு போட்ட ஒட்டுகளால் வளர்ந்தது. பழைய 'லார்சனி' என்னும் குற்றத்திற்குப் பிறர் கைவசமிருக்கும் பொருளைப் பறித்துக்கொண்டு பெயர்தல் வேண்டும். பொருளை உரியவரே ஒப்படைத்திருந்தால்? 1473இல் சுமை கொண்டுசெல்ல ஒப்புக்கொண்ட ஒருவன் வழியில் பொதிகளை உடைத்து உள்ளிருந்ததைக் கவர்ந்தான். பொதி அவன் கைவசம். உள்ளே இருந்ததோ அன்று என்பது போன்ற நுட்ப வாதங்களால் அவனைக் குற்றவாளியாக்க வேண்டியதாயிற்று. 1799இல் பேஸ்லி என்னும் வங்கி எழுத்தர், வாடிக்கையாளர் செலுத்திய நூறு பவுன் தாளொன்றைப் பெட்டியில் இடாமல் சட்டைப்பைக்குள் இட்டுக்கொண்டார். அத்தாள் வங்கியின் கைவசம் வந்ததே இல்லை. ஆகவே வங்கியிடமிருந்து அது திருடப்படவும் இல்லை என்று நீதிபதிகள் கருதினர். அவர் தப்பினார். அவ்வாண்டே நாடாளுமன்றம் ஊழியர் கையாடலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. திருடர்கள் ஓட்டை கண்டுபிடிக்க, சட்டம் பின்னாலேயே ஊசிநூலோடு ஓடியது என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஒட்டுத்துணியை 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் கழற்றி எறிந்தது. லார்சனி என்னும் சொல்லே மறைந்தது. பிறருக்குரிய சொத்தை, அவரிடமிருந்து நிலையாகப் பறிக்கும் எண்ணத்தோடு, நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்ளுதலே இனித் திருட்டு என்றாயிற்று. எடுத்தல் போயிற்று, தனதாக்கல் வந்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு முதற் பள்ளம் இங்கேதான் தோண்டப்பட்டது. தனதாக்கல் என்பதற்குப் போலிஷ் மொழியில் ஐயத்திற்கிடமில்லாத ஒரு சொல் உண்டு: 'ப்ஷிவ்வஷ்சேனியே'. அகராதி அதையே காட்டும். ஆயின் 1997ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது தனியொரு குற்றத்தின் பெயர், 284ஆம் பிரிவு. ஏற்கெனவே தன்னிடம் வந்துசேர்ந்த பொருளைத் திருப்பித் தராமல் அமுக்கிக்கொள்வதே அக்குற்றம். திருட்டுக்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. இதன் எளிய வடிவத்திற்கோ மூன்றாண்டே உச்சம். ஆங்கிலச் சட்டத்தின் வரையறையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கடையில் பொருளைத் தூக்கியவன் கண்டெடுத்த பணப்பையை வைத்துக்கொண்டவனாகிவிடுவான். கிராஜெஷ் என்று பெயர்த்தாலோ, இரவல் வாங்கிய நூலைப் பின்னர் தனதாக்க முடிவு செய்த ஆங்கிலத் 'திருடன்', எதையும் எடுக்காமலேயே எடுத்தவனாகிவிடுவான். சொல்லை மதித்தால் செயல் கெடும், செயலை மதித்தால் சொல் கெடும்.

அடுத்தது 'பர்க்லரி'. இதற்குப் பெரும்பாலோர் எழுதுவது 'கிராஜெஷ் ஸ் வுவமானியெம்', அதாவது உடைத்துப் புகுந்து திருடுதல். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1968க்குப் பிந்திய ஆங்கிலச் சட்டத்தில் பர்க்லரிக்கு எதையும் உடைக்க வேண்டியதில்லை. திறந்த கதவு வழியே, உரிமையின்றிக் கட்டடத்துள் நுழைந்தாலே போதும். திருட வேண்டியதும் இல்லை. திருடும் எண்ணமோ, உள்ளிருப்பவரைக் கொடுங்காயப்படுத்தும் எண்ணமோ, பொருளைச் சேதப்படுத்தும் எண்ணமோ இருந்தால் போதும். போலந்தின் 279ஆம் பிரிவுக்கோ திருட்டும் நடந்திருக்க வேண்டும், தடையொன்றும் மீறப்பட்டிருக்க வேண்டும், கட்டடம்தான் கட்டாயமில்லை. பூட்டிய மகிழுந்தைத் திறந்து ஒலிப்பெட்டியை எடுத்தவனும் அங்கே உடைத்துப் புகுந்தவனே. 2017இல் போலந்து உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி ஏறியது. பிறருடைய வங்கி அட்டையைக் கடைக் கருவியின்மீது தொட்டுக்காட்டிப் பொருள் வாங்குவதும் மின்னணுத் தடையை மீறிய உடைப்புத் திருட்டே என்றது. சுவரும் இல்லை, கதவும் இல்லை, உடைத்தல் மட்டும் இருக்கிறது!

இதைப் படிக்கும் தமிழருக்கு வியப்பு அதிகம் இருக்கக் கூடாது. மெக்காலேயின் கையில் உருவாகி 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைத் தொகுப்பு வழியே ஆங்கிலக் களவுச் சொற்கள் தமிழுக்கும் வந்தன. கன்னக்கோல் கண்ணில் படாத இக்காலத்திலும் காவல் நிலையப் பதிவுகளில் 'கன்னக்களவு' வாழ்ந்துகொண்டிருக்கிறது. மாடி வீட்டுப் பூட்டை உடைத்தவனும் நம் ஏடுகளில் சுவரில் கன்னம் வைத்தவனே.

மூன்றாவது 'ராபரி'. போலிஷ் சட்டம் இதனை 'ரொஸ்புய்' என்கிறது. அடித்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். இரண்டும் பெரும்பாலும் பொருந்துகின்றன, உரசல் விளிம்பில்தான். பொருளைக் கவர்வதற்காக அடித்தால் இரு நாட்டிலும் ஒன்றே. கவர்ந்தபின், பிடிக்க வந்தவனைத் தள்ளிவிட்டுப் பொருளைக் காத்துக்கொண்டு ஓடினால்? போலந்துத் தொகுப்பு அதற்கு 281ஆம் பிரிவில் தனிப்பெயர் வைத்துள்ளது: கொள்ளைத் தன்மையுடைய திருட்டு, ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை. ஆங்கிலச் சட்டத்திலோ வன்முறை கவரும் வேளையிலோ அதற்குச் சற்று முன்போ நிகழ வேண்டும். அதுவும் கவர்வதற்காகவே நிகழ வேண்டும். கவர்தல் இன்னும் முடியவில்லை என்று சான்றாயர் கருதினாலன்றி 281ஆம் பிரிவுக்காரன் அங்கே ராபரி செய்தவன் ஆகான். ஆனால் அவசரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ராபரி என்று எழுதிவிட்டால், ஆயுள் சிறையை உச்சமாகக் கொண்ட குற்றத்தின் பெயர் அவன் தலையில் ஏறிவிடும்.

இவையெல்லாம் 2004 மே முதல் நாளுக்கு முன்பு பெரும்பாலும் ஏட்டுச் சிக்கல்களே. அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டன் தன் வேலைச் சந்தையை உடனே திறந்துவிட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆங்கிலத்திற்கு அடுத்து மிகுதியானோரின் முதன்மை மொழி போலிஷ் என்று தெரிந்தது. மக்கள் சென்ற வழியே வழக்குகளும் சென்றன. அறிந்த குற்றத்தைத் தொடராமல் விட அரசு வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்பது போலந்துச் சட்டநெறி. ஆகவே மிகச் சிறு திருட்டுகளுக்கும் ஐரோப்பியக் கைதாணைகள் பிறந்து இலண்டன் நீதிமன்றங்களில் குவிந்தன. எதிர்த்திசையில், 2012இல் தொடங்கிய குற்றப்பதிவுப் பரிமாற்றம் வழியே, இங்கிலாந்தில் தண்டனை பெற்றவர்களின் பதிவுகள் போலந்துக்குச் சென்றன. திறந்த கொட்டகைக்குள் நுழைந்து மண்வெட்டி எடுத்த ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் ஊர்ப் பதிவில் எளிய திருட்டு என்று எழுதப்பட்டதா, உடைப்புத் திருட்டு என்று எழுதப்பட்டதா என்பதைப் பொறுத்து, அடுத்த முறை அவன் நிற்கும் நீதிபதியின் பார்வை மாறும்.

நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் கண்ட வழி எளிமையானது, ஆனால் சொற்சிக்கனம் விரும்புவோர்க்கு உவப்பில்லாதது. ஒரு பெயருக்கு ஒரு பெயர் என்னும் ஆசையை அவர்கள் விட்டனர். 'கட்டடத்துள் உரிமையின்றி நுழைந்து செய்த திருட்டு' என்று நடந்ததையே விரித்து எழுதி, மூலச் சொல்லையும் சட்டப் பிரிவையும் அருகில் நிறுத்தினர். கைதாணைப் படிவமே நிகழ்ச்சியை இடம், காலம், செய்த விதம் என விவரிக்குமாறு கேட்டது. ஒப்படைப்பு வழக்குகளில் அயல்நாட்டுக் குற்றத்தின் பெயரை அன்று, செயலையே பார்க்க வேண்டும் என்று 2008இல் பிரபுக்கள் சபையும் தீர்ப்பளித்தது. 2020 இறுதியோடு பிரிட்டனுக்கு அக்கைதாணை முறை முடிந்து, வேறொரு உடன்பாடு அதன் இடத்தில் வந்தது. விரித்தெழுதும் வேலை மட்டும் தொடர்கிறது.

சொல்லின் பிறப்பை ஆராய்வோர்க்கு ஒரு வேடிக்கை. ராபரி என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் போலிஷில் உண்மையான இரத்த உறவு ஒன்று உண்டு: 'ரபூனெக்'. இரண்டும் ஜெர்மானிய வேரொன்றின் கிளைகள். ஒன்று பழைய பிரெஞ்சு வழியாகவும் மற்றொன்று ஜெர்மன் வழியாகவும் வந்தன. கடைவீதியில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். 1997ஆம் ஆண்டுத் தொகுப்போ தன் குற்றத்திற்கு அப்பெயரை வைக்கவில்லை.