டிரைவரை மாற்றும் முன் திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள்

2024 ஜூலை 19ஆம் தேதி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின. தைப்பிங் வழியாக இ.டி.எஸ். ரயில்களை இயக்கும் கே.டி.எம்.பி. நிறுவனத்தின் டிக்கெட் முறையும் அன்று பாதிக்கப்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான கோப்பு ஒன்றை அதன் டிரைவர் படித்ததே காரணம். முடங்கியவை பெரும்பாலும் நிறுவனக் கணினிகள். ஆனால், அதன் பாடம் வீட்டுக் கணினிக்கும் பொருந்தும்.

டிரைவர் என்பது என்ன?

பிரிண்டர், ஒலி, திரை, வைஃபை போன்ற ஒவ்வொரு கருவியையும் விண்டோஸுடன் பேச வைக்கும் சிறு மென்பொருளே டிரைவர். பல டிரைவர்கள் விண்டோஸின் உள்மையத்திலேயே இயங்குகின்றன. சாதாரண மென்பொருள் பழுதானால் அது மட்டும் நிற்கும். இத்தகைய டிரைவர் பழுதானால் கணினியே நின்றுவிடலாம். ஆகவே, எல்லாம் நன்றாக வேலை செய்தால் டிரைவரைத் தொட வேண்டாம். ஒலி வரவில்லை, பிரிண்டர் அசையவில்லை, விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறியபின் ஏதோ ஒன்று ஓடவில்லை என்றால் மட்டும் கைவையுங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் பென்டிரைவில் நகலெடுங்கள். ஸ்டார்ட் தேடலில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட்’ என்று தேடி, ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். வைஃபை டிரைவரை நீக்குவதானால், புதியதை முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். நீக்கியபின் இணையம் இருக்காது. தைப்பிங்கில் மழைக்கும் இடிக்கும் குறைவில்லை. வானம் இருண்டிருக்கும் வேளையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் சிக்கல்.

புதுப்பித்தல்

செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய் முதலில் பாருங்கள். அங்கு இல்லாவிட்டால், கணினி அல்லது கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில், மாடல் எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

நீக்குதலும் பின்வாங்குதலும்

ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி, டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள கருவியே சிக்கலில் இருப்பது. புதுப்பித்தபின் கோளாறு வந்திருந்தால், கருவியின் புரோபர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குச் சென்று ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தினால் பழையது திரும்பும். பழைய பதிப்பு கணினியில் இல்லையென்றால் அந்தப் பொத்தான் மங்கலாக இருக்கும். அப்போது ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். பல கருவிகளுக்கு விண்டோஸே பொருத்தமான டிரைவரைத் தேடிப் போடும்.

திரை கோளாறாகி எதுவும் சரியாகத் தெரியவில்லையா? உள்நுழையும் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடுக்குள் நுழைந்து அதே வேலையைச் செய்யலாம்.

ஏமாற வேண்டாம்

‘உங்கள் டிரைவர்கள் பழையவை, உடனே பணம் கட்டுங்கள்’ என்று மிரட்டும் விளம்பரங்களை நம்பாதீர்கள். விண்டோஸும் தயாரிப்பாளர்களும் பொதுவாக டிரைவரை இலவசமாகவே தருகின்றனர். கணினியைப் பழுதுபார்ப்பதாகத் தொலைபேசியில் அழைப்பவருக்குக் கடவுச்சொல்லோ வங்கி விவரமோ தராதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மைய எண்ணையோ அழையுங்கள்.